உள்வட்டத்தில் இருந்த எண்

லிஃப்ட் மெக்கானிக்குகள் மத்தியில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். பத்தாவது மாடிக்கு மேலே மோட்டார் ஓட, அவர் தரைத்தளத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். "பேரிங் போகப்போகுது. ஒரு மாசம் தாங்கும்" என்பார். மாதம் முடிவதற்குள் அது போயிருக்கும். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் பெருமையும் உண்டு, கடுப்பும் உண்டு. வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை கிசுகிசுக்க முடியாது. முன்சீட்டிலிருந்து அவர் சிரிப்பு வந்துவிடும்.

அந்தக் காதுக்குச் சம்பளம் கொடுத்தது லிஃப்ட் கம்பெனி. ஆனால் அவர் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்தது வீட்டில், சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைப்பதற்காகக் கட்டிய ஒரு சின்ன அறையில். அங்கே ஆயிரத்து நானூறு சிடிக்கள் இருந்தன. அத்தனையும் ஹெவி மெட்டல். கிட்டார் உறும, டிரம்ஸை இரண்டு காலாலும் உதைக்க, பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தும் இசை. அவர் மனைவி அந்த அறைக்கு இரும்புக்கடை என்று பெயர் வைத்திருந்தாள். "மெட்டல்னா உலோகம்தானே? நான் சரியாத்தான் சொல்றேன்" என்பாள்.

கல்யாணமான புதிதில் அவள் ஒருநாள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதே படம் போட்டது நாலு இருக்கே? கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று கேட்டாள்.

"பாட்டு ஒண்ணுதான். தட்டு வேற வேற. இது முதல்ல அடிச்சது. இது ரெண்டும் வேற வேற ஃபேக்டரியில அடிச்சது. இது பத்து வருஷம் கழிச்சுப் புதுசா மெருகேத்திப் போட்டது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கேக்கும்."

"எனக்கு நாலுமே தலைவலியாத்தான் கேக்குது" என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருபத்தாறு வருடங்களாக அவள் அந்த அலமாரியைத் தொட்டதில்லை. தூசி தட்டுவதும் அவர்தான்.

இணையத்தில் மெட்டல் ரசிகர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. மூவாயிரம் பேர். அதில் ஞாயிறுதோறும் அவர் ஒரு கட்டுரை எழுதுவார். ஒரே ஆல்பத்தின் இரண்டு மூன்று பதிப்புகளை எடுத்துக்கொண்டு, சத்தம் கூடக் குறைய இல்லாமல் மீட்டர் வைத்துச் சமப்படுத்தி, அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எது நல்ல பதிப்பு, எது கெடுத்த பதிப்பு என்று தீர்ப்புச் சொல்வார். பழையவற்றில் மெல்லிய இடம் மெல்லிசாகவும், அடி விழும் இடம் அடியாகவும் இருக்கும். புதிதாக வருகிறவற்றில் பலதும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே கத்தலாக உயர்த்தப்பட்டு, மேடுபள்ளம் இல்லாமல் ரோடு ரோலர் ஏறின மாதிரி இருக்கும். இதை அவர் நன்றாகவே எழுதுவார். அங்கேயும் பாம்புக்காது என்றே கையெழுத்துப் போடுவார். அவர் நல்லது என்று சொன்ன பதிப்பைத் தேடி ஜனம் அலையும். சரியில்லை என்று சொன்னதை யாரும் சீண்டமாட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். நேரில் தலைகுனிந்து நடக்கும் மனிதர்தான். கீபோர்டில் கை வைத்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு ராஜா வந்து உட்கார்ந்துகொள்வார்.

அவர் இருந்த நகரத்திலேயே முப்பது வருடங்களுக்கு முன்னால் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு மெட்டல் குழு நடத்தினார்கள். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். முந்நூறு சிடி அடித்தார்கள். பிறகு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துபோனார்கள். பாம்புக்காதிடம் அதன் காஸெட் மட்டும்தான் இருந்தது, அதுவும் தேய்ந்துபோனது. அந்த சிடிக்காக அவர் ஏங்காத வருடமில்லை. போன வருடம் அந்த நாலு பேரில் ஒருவரான கிட்டார்க்காரர் அதை மறுபடி வெளியிட்டார். அசல் டேப்பைத் தேடி எடுத்து, ஒரு பெண் ஒலிப்பொறியாளரிடம் கொடுத்துப் புதிதாகத் தயார் செய்திருந்தார்கள். அதே சமயம் வெளியூர் ரசிகர் ஒருவர், "நீங்கள்தான் சரியாகக் கேட்டு எழுதுவீர்கள்" என்று தன்னிடமிருந்த பழைய முதல் பதிப்பைத் தபாலில் இரவலாக அனுப்பி வைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணி. இரண்டு பெட்டிகளையும் திறந்து, இரண்டு தட்டுகளையும் மேசையில் விரித்த மெல்லிய துணியின்மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். புதியதைப் பழையது மாதிரியே அச்சடித்திருந்தார்கள். அதே கறுப்பு முகம், அதே வெள்ளி எழுத்து. அப்போது போன் அடித்தது. மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மூன்று பேர், ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்றார்கள். அவர் கைக்கு வந்த தட்டைக் கைக்கு வந்த பெட்டியில் வைத்து மூடிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். மூன்று பேரையும் பத்திரமாக வெளியே எடுத்தார். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி உட்கார்ந்தார்.

முதலில் பழைய பெட்டியில் இருந்ததைப் போட்டார். முதல் அடியிலேயே மயிர்க்கூச்செறிந்தது. அவருக்கு மனப்பாடமான பாட்டு. ஆனால் இப்படிக் கேட்டதில்லை. இடதுபக்கம் ஒரு சிம்பல், டிரம்ஸ் பக்கத்தில் நிற்கும் பித்தளைத் தாளம். குச்சி பட்டு விலகியதும் அது அடங்கிப்போவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் முழுக்கக் காதில் விழுந்தது. பேஸ் கிட்டார்க்காரனின் விரல் கம்பியில் வழுக்குவதுகூடக் கேட்டது. இரட்டைக் கால் டிரம்மில் வலதுகால் ஒரு இழை முந்துகிறது என்பதுவரை தெரிந்தது. பிறகு புதுப் பெட்டியில் இருந்ததைப் போட்டார். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருந்தது.

அன்றைக்கே எழுதினார். தலைப்பு, 'ஒன்று உயிர், ஒன்று பிணம்.' முதல் பதிப்பைப் பற்றி அவர் எழுதிய ஒன்றரைப் பக்கம் உண்மையிலேயே அழகானது. ஒவ்வொரு வாத்தியத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்ததுபோல இருந்தது. புதுப் பதிப்பைப் பற்றி எழுதியதும் சுவையானதுதான், வேறு விதத்தில். "இதைச் செய்த அம்மணி அசல் டேப்பைக் கேட்டாரா, அல்லது டேப் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டாரா?" என்று எழுதியிருந்தார். "ஊரில் காது மருத்துவர்கள் இருக்கிறார்கள். முகவரி வேண்டுமானால் தருகிறேன்."

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. 'அட்டைப்பெட்டி அம்மணி' என்று ஒரே நாளில் பட்டப்பெயரே வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அந்த ஒலிப்பொறியாளர் கட்டுரைக்குக் கீழே ஒரு பதில் போட்டார். கோபம் ஒன்றுமில்லை. "ஐயா, உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரே ஒரு வேண்டுகோள். தட்டின் அடிப்பக்கம், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உள்வட்டத்தில் ஒரு எண் இருக்கும். என் பதிப்பில் அது R என்ற எழுத்தில் முடியும். பழையதில் அந்த எழுத்து கிடையாது. தயவுசெய்து பார்த்துச் சொல்ல முடியுமா? பெட்டி மாறியிருக்கலாம்."

எழுந்து போய், இரண்டு பெட்டியைத் திறந்து, விளக்குக்கு நேராகப் பிடிக்கவேண்டும். அரை நிமிட வேலை. அவருக்குச் சுருக்கென்றது. என்னிடமே பெட்டி மாறியிருக்கும் என்கிறாளே! "காது கேட்கிறவர்கள் காதால் கேட்கிறார்கள். கேட்காதவர்கள் எண்ணைப் படிக்கிறார்கள்" என்று பதில் எழுதினார். நானூறு பேர் கைதட்டினார்கள்.

ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்கு வரும் ஒரே மெட்டல் ரசிகன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. இணையக் குழுவிலும் இருந்தான். அவன்தான் கேட்டான். "மாமா, எதுக்கும் ஒருதடவை பாத்துடுங்களேன்."

"எனக்குத் தெரியாததா? நீ அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் தள்ளி உக்காரு."

பார்க்கவைத்தது இரவல் கொடுத்த வெளியூர் ரசிகர். தட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியவர், பேச்சோடு பேச்சாக, "மூன்றாவது பாட்டு ஆரம்பத்தில் டப்பென்று ஒரு சத்தம் வருமே, பழைய பதிப்பின் அடையாளமே அதுதான், கவனித்தீர்களா?" என்று கேட்டிருந்தார். பாம்புக்காது கவனித்திருந்தார். ஆனால் அவர் அதைக் கேட்டது புதுப் பெட்டியில் இருந்த தட்டில்.

இரும்புக்கடைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பழைய பெட்டியைத் திறந்து தட்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்வட்டத்தில் பொடி எழுத்தில் ஒரு எண். கடைசியில் R.

காது மடல்கள் இரண்டும் கொதித்தன. அவர் செய்த முதல் காரியம், கதவைத் திறந்து வெளியே வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம், "என் தட்டுகளைத் தொட்டியா?" என்று கேட்டது.

"நான் எதுக்கு அதைத் தொடறேன்?"

"தூசி தட்டினியா? எதையாவது எடுத்து வச்சியா? உண்மையைச் சொல்லு!"

அவர் அப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். "இருபத்தாறு வருஷத்துல ஒருநாள் தொட்டதில்ல" என்றாள். அதற்குள் அவருக்கு அந்த ஞாயிறும் போனும் துணிமேல் கிடந்த இரண்டு கறுப்பு முகங்களும் ஞாபகம் வந்துவிட்டன. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் திரும்ப உள்ளே போனார்.

தட்டுகளை அதனதன் பெட்டியில் மாற்றி வைத்தார். இவ்வளவுதான். இப்போது யார் வந்து திறந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். பழையதைப் பொட்டலம் கட்டி அன்றே தபாலில் அனுப்பினார். மச்சினன் அந்த ஞாயிறும் வந்தான். "மாமா, குழுவுல இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. நம்பர் பாத்தீங்களா?"

"பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

"அதையே எழுதிடுங்க. வாயை மூடிக்குவாங்க."

எழுதினார். 'எண்ணையும் பார்த்துவிட்டேன். சரியாகவே இருக்கிறது.' ஒரு வகையில் பார்த்தால் அது பொய்கூட இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது சரியாகத்தானே இருக்கிறது! அப்படிச் சொல்லிக்கொண்டதை நினைத்துப் பின்னால் அவர் கூசிய அளவுக்கு வேறெதற்கும் கூசவில்லை.

அடுத்த மாதம் மச்சினன் ஒரு செய்தி கொண்டுவந்தான். கிட்டார்க்காரர் அந்தக் காலத்து உள்ளூர்க் குழுக்களின் ஆல்பங்கள் இன்னும் ஐந்தை வெளியிடப் போகிறாராம். அந்தப் பெண்ணுக்குத்தான் கொடுப்பதாக இருந்தார்களாம். இப்போது வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். "உங்க கட்டுரைதான் மாமா! பாம்புக்காது சொன்னதுக்கு அப்புறம் யாரு துணிவாங்க?" என்றான் பெருமையாக. அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை, ஆபீஸில் அவர் கையில் ஒரு புகார்ச் சீட்டைக் கொடுத்தார்கள். ஐந்தாம் மாடி, ஒலிப்பதிவுக் கூடம், லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் சத்தம். இரண்டு பேர் ஏற்கனவே போய் ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். "பாம்புக்காதை அனுப்புங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

கதவைத் திறந்தது நாற்பது வயதுப் பெண். கழுத்தில் ஹெட்போன், மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பில் டேப் சுற்றியிருந்தது. "வாங்கண்ணா. ரெண்டு பேரு வந்து என்னைப் பைத்தியக்காரின்னு நினைச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்களாவது கேளுங்க" என்றார். மைக்கைத் திறந்து ஸ்பீக்கரை உயர்த்தினார். லிஃப்ட் ஏதோ ஒரு மாடியில் நின்றது.

"டக்" என்றார் பாம்புக்காது. "அப்புறம் பின்னாடியே மெலிசா ஒரு உறுமல். மேல மோட்டாரை நிறுத்தி ஓட்டுற ரிலே பெட்டி. சுவத்தோட இறுக்கி வச்சிருக்காங்க. அடியில ரப்பர் கொடுத்தாப் போயிடும்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்பாடா! அந்த உறுமலையும் சொல்லிட்டீங்களே. எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நினைச்சேன். என்ன காதுண்ணா உங்களுக்கு!"

அவர் மேலே போய் முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு வந்தார். டீ போட்டு வைத்திருந்தார் அந்தப் பெண். பாம்புக்காது உட்கார்ந்து கோப்பையை வாயில் வைத்தபோதுதான் சுவரைப் பார்த்தார். ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் அச்சாகியிருந்தவை அவருடைய வாக்கியங்கள். 'குச்சி பட்டு விலகிய பின்னும் சிம்பல் தன் பேச்சை முடிப்பதில்லை…' தலைப்பு இல்லை. கேலி செய்த பகுதி இல்லை. பாராட்டிய ஒன்றரைப் பக்கம் மட்டும். தாளுக்குக் கீழே அலமாரியில் அந்தக் கறுப்புத் தட்டு.

"இது என்ன மேடம்?" என்று கேட்டார். கேட்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"அதுவா? அது ஒரு கதை." அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு பழைய ஆல்பம். டேப் ஒரு வீட்டுப் பரண்ல முப்பது வருஷம் கிடந்து பிசுபிசுன்னு ஆகிப்போச்சு. மெல்லிசா சூடு காட்டி, எட்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து, ஓட வச்சேன். பழைய சிடி போட்டவங்க இரைச்சல் கேக்குதுன்னு மேல் ஸ்தாயியில இருக்கிற சத்தம் முழுக்க வெட்டிட்டாங்க. சிம்பலே இல்ல. நான் அதை மறுபடி கொண்டுவந்தேன். மூணு மாச வேலை. ஒருத்தர் ரெண்டையும் வச்சுக் கேட்டு, பழசு உயிர், என்னோடது பிணம்னு எழுதிட்டார்."

"அப்புறம் எதுக்கு அதை ஒட்டி வச்சிருக்கீங்க?"

"பெட்டி மாறிப்போச்சுண்ணா. அவர் உயிர்னு எழுதினது என்னோடது. இந்த சிம்பல் பழைய தட்டுல கிடையவே கிடையாது, அவர் எங்கிருந்து கேட்டிருப்பார்? நான் என்னென்ன செஞ்சேனோ அத்தனையும் ஒண்ணுவிடாமக் கண்டுபிடிச்சு எழுதியிருக்கார். பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்குறேன். என் வேலையை இப்படி யாரும் கேட்டதே இல்ல."

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" அவருடைய குரல்தான் அது. எங்கிருந்தோ வந்தது.

"சொன்னேன். கிண்டல் பண்ணினார். அப்புறம் பாத்துட்டேன், சரியா இருக்குன்னு எழுதினார்." அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "பாத்திருக்க மாட்டார். பாக்காமலே அப்படி எழுதிட்டிருப்பார். பாத்திருந்தா சொல்லியிருப்பார். இவ்வளவு நேர்மையாக் கேக்கத் தெரிஞ்சவர் பொய் சொல்லுவாரா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். 'நான்தான்' என்று நாலே எழுத்து. வாயும் திறந்தது. வந்தது என்னவோ, "கையெழுத்துப் போடுங்க மேடம், வேலை முடிஞ்சது" என்பதுதான். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரொம்ப நன்றிண்ணா" என்று வாசல்வரை வந்தார்.

அன்று மதியம் அவர் அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி உடம்பு சரியில்லையோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். துணியில் துடைத்ததிலிருந்து டீ குடித்தது வரைக்கும். முடித்ததும் அவள் கேட்டாள். "அப்ப, அன்னிக்கு என்கிட்ட கத்தினது இதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் தொடலைன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்."

"கேக்குறப்பத் தெரியாது. கேட்டு முடிக்கிறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு."

"அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள். "தெரியாம நான் ஏதாவது நகர்த்திட்டேனோன்னு ரெண்டு மாசமா அந்த அறைப் பக்கமே போகாம இருக்கேன். துணி காயப்போடக்கூட வாசல் பக்கமாச் சுத்தித்தான் போறேன். உங்களுக்கு அது கண்ணுல படலையா?"

படவில்லை. பத்தாவது மாடியில் பேரிங் தேய்வது கேட்கிற மனிதருக்கு, வீட்டுக்குள் ஒருத்தி சுற்றிச் சுற்றி நடப்பது தெரியவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். அவள், "முதல்ல அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க. என்னைப் பிறகு பாத்துக்கலாம்" என்று எழுந்து பாத்திரங்களை எடுத்துப் போனாள்.

எழுதிக் கொண்டுவந்து காட்டினார். 'பதிப்புகளை ஒப்பிடும்போது தட்டுகள் இடம் மாறிவிட்டதால் தவறு நிகழ்ந்துவிட்டது' என்று ஆரம்பித்திருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "தட்டுக்குக் கால் முளைச்சுதா? யாரு பண்ணினதுன்னு இதுல எங்கயுமே இல்லையே" என்றாள்.

திரும்பப் போய் எழுதினார். 'நான் தட்டுகளை மாற்றி வைத்தேன். எண்ணைப் பார்க்கச் சொன்னவரை நான் கேலி செய்தேன். பிறகு பார்த்தேன். தெரிந்துகொண்டேன். யாருக்கும் தெரியாமல் திரும்ப மாற்றி வைத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று பொய் எழுதினேன். நான் உயிர் என்று எழுதியது முழுக்க அவருடைய வேலை.' ஒவ்வொரு 'நான்' அடிக்கும்போதும் விரல் நின்று நின்று போயிற்று. கடைசியில் பாம்புக்காது என்று போடாமல், தன் சொந்தப் பெயரைப் போட்டார். கிட்டார்க்காரருக்கும் தனியாக அதையே அனுப்பினார்.

குழு அவரைச் சும்மா விடவில்லை. 'செவிட்டுப் பாம்பு' என்று மறுநாளே பெயர் மாறியது. அட்டைப்பெட்டி அம்மணி என்று சிரித்த அதே ஆட்கள்தான். காது மருத்துவர் முகவரியைப் பதினேழு பேர் அனுப்பியிருந்தார்கள். அது வலித்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. மச்சினன் வந்து நின்றதுதான் தாங்கவில்லை. உட்காரவே இல்லை அவன். "உங்களுக்காக முகம் தெரியாதவங்களோட எல்லாம் சண்டை போட்டேன் மாமா. பாத்தீங்களான்னு உங்க முகத்தைப் பாத்துத்தானே கேட்டேன்?" என்றான். அக்காவிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, யூனிஃபார்ம் போடாமல், அவர் ஐந்தாம் மாடிக்குப் போனார்.

"லிஃப்ட் இப்ப நல்லா இருக்குண்ணா, ஒரு சத்தமும் இல்ல" என்றார் அந்தப் பெண் சந்தோஷமாக.

"லிஃப்ட் விஷயமா வரல மேடம். அந்தக் கட்டுரை எழுதினது நான்தான்."

அந்தப் பெண்ணுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்கிப்போயிற்று. "நீங்களா?" என்றார். பிறகு, "அன்னிக்கு இங்க உக்காந்து டீ குடிச்சீங்க."

"ஆமா."

"நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அவர் பொய் சொல்லமாட்டார்னு நான் சொன்னப்பவும் இங்கதான் இருந்தீங்க."

"ஆமா மேடம். அப்பவே சொல்லியிருக்கணும். முடியல. தப்பு."

"தட்டு மாறினதுக்கு எனக்குக் கோபமே இல்ல. எனக்கே மாறியிருக்கு. நீங்க கிண்டல் பண்ணினதைக்கூட மறந்துட்டேன். ஆனா இது…" வாக்கியத்தை முடிக்கவில்லை அந்தப் பெண். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, "கிட்டார்க்காரர் போன் பண்ணினார். வருத்தப்பட்டார். ஆனா அஞ்சு ஆல்பமும் வேற இடத்துல ஒப்பந்தம் போட்டாச்சு, டேப்பெல்லாம் அங்க போயிடுச்சு, இனி திருப்ப முடியாதுன்னார். எனக்குத் தெரியும். அவர்மேல தப்பில்ல" என்றார்.

அந்தப் பெண்ணே முடித்து வைத்தார். "நேர்ல வந்து சொன்னீங்க. சரி. எனக்கு வேலை இருக்கு." கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை, ஒலிப்பதிவுக் கூடத்துக் கதவு அல்லவா.

அவர் எழுதுவதை நிறுத்தினார். ஞாயிறு மதியங்களில் மனைவியோடு காய்கறிக் கடைக்குப் போனார், பை தூக்கினார். அவள் முன்போல அந்த அறையைக் கடந்தே துணி காயப்போடப் போவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. ஒருநாள், கையில் ஈரத்துணி வாளியோடு அவள் நேராக நடந்துபோனதை அவர் கவனித்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து, வேறு ஸ்டூடியோவில் தயாரான முதல் ஆல்பம் வெளிவந்தது. குழுவில் யாரோ, "செவிட்டுப் பாம்பு என்ன சொல்லுது?" என்று கேலியாகக் கேட்டார்கள். வேறு சிலர் உண்மையாகவே கேட்டார்கள். அவர் அதை வாங்கினார். அதன் பழைய பதிப்பு அவரிடமே இருந்தது. ஒவ்வொரு தட்டாக வெளியே எடுத்து, உள்வட்ட எண்ணைத் தாளில் எழுதிவைத்து, ஒன்றைக் கேட்டு முடித்து உள்ளே வைத்த பிறகே அடுத்ததைத் தொட்டார். நாலு ஞாயிறு கேட்டார்.

அது மோசமாக இருக்கவேண்டும் என்று அவர் மனம் கெஞ்சியது. போர்வைக்குள் வாசிப்பதுபோல இருந்தால் போதும். அந்தப் பெண்ணிடம் கொடுக்காமல் போனது எவ்வளவு பெரிய தவறு என்று பக்கம் பக்கமாக எழுதலாம், பட்ட கடனில் பாதியாவது தீரும். ஒரு குறை கிடைக்குமா என்று சிம்பலில் தேடினார், பேஸில் தேடினார், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலிருந்த அமைதியில்கூடத் தேடினார். கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் ஒழுங்காக, பொறுமையாக, காது கொடுத்துச் செய்திருந்தார்.

'இந்தப் பதிப்பு நன்றாக இருக்கிறது. பழையதைவிட நன்றாக இருக்கிறது. வாங்கலாம்' என்று மூன்று வரி எழுதி, சொந்தப் பெயரைப் போட்டு அனுப்பினார். கம்ப்யூட்டரை அணைத்தார். முகம் தெரியாத ஒரு மனிதரின் நல்ல வேலை கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று நாலு வாரம் ஏங்கியிருக்கிறோமே என்று நினைத்தபோது, அன்றைக்குப் போலவே காது மடல்கள் மெதுவாகச் சூடேறின.